ஏமாந்த ஏவுகணை எங்கே போயிற்று?

போர்க்கப்பலைக் காப்பாற்றிய ஜிகினாத் துகள்! சரக்குக் கப்பலுக்கு வந்த ஆபத்து!

1982-ம் ஆண்டு மே மாதம் 25-ந் தேதி.

தென் அட்லாண்டிக் கடலில், பாக்லாந்து தீவுகளுக்கு வடகிழக்கே, பிரிட்டிஷ் கப்பல்கள் கூட்டமாக நின்றன. அந்தத் தீவுகளை அர்ஜென்டினா பிடித்துக்கொண்டிருந்தது. அவற்றை மீட்பதற்காக 8 ஆயிரம் மைல் கடலைக் கடந்து வந்த கப்பல்கள் அவை. நடுவிலே "ஹெர்மிஸ்", "இன்வின்சிபிள்" என்ற 2 விமானம் தாங்கிக் கப்பல்கள். சுற்றிலும் காவல் கப்பல்கள்.

அன்று அர்ஜென்டினாவின் தேசியத் திருநாள். இன்றைக்கு ஏதாவது நடக்கும் என்று எல்லோரும் உஷாராக இருந்தார்கள்.

நடந்தது!

அர்ஜென்டினாவின் 2 போர் விமானங்கள் கடல் மட்டத்தை ஒட்டித் தாழப் பறந்து வந்தன. ஒவ்வொன்றிலும் ஓர் ஏவுகணை இருந்தது. ராடாரில் பெரிதாகத் தெரிந்த புள்ளியை நோக்கி இரண்டும் ஏவுகணையை விட்டன. விட்ட உடனே திரும்பிப் பறந்தன.

"அம்பஸ்கேட்" என்ற காவல் கப்பலில் அபாய அறிவிப்பு எழுந்தது. அதன் குழாய்களில் இருந்து சிறு ராக்கெட்டுகள் சீறிக் கிளம்பின. ஆகாயத்தில் வெடித்தன. அவற்றில் இருந்து குண்டு வரவில்லை. நெருப்பு வரவில்லை. பளபளவென்று ஜிகினாத் துகள் கொட்டியது!

ஏவுகணைகள் ஏமாந்தன. கப்பலை விட்டுவிட்டு, ஜிகினா மேகத்தை நோக்கிப் போயின. அதற்குள் புகுந்து, மறுபக்கம் வெளியே வந்தன.

மறுபக்கத்தில் இன்னொரு கப்பல் இருந்தது. அது போர்க்கப்பல் அல்ல. சரக்குக் கப்பல். பெயர் "அட்லாண்டிக் கன்வேயர்".

அந்தக் கப்பலில் ஜிகினா இல்லை.

பறவைக் கோலா!

அந்தக் கப்பலுக்கு என்ன ஆயிற்று என்று பார்ப்பதற்கு முன்னால், ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். இரும்புக் கப்பலையே பிளக்கும் ஏவுகணை, ஜிகினாத் துகளுக்கு ஏன் ஏமாறுகிறது?

அன்று வந்த ஏவுகணையின் பெயர் "எக்சோசெட்". பிரான்சு நாட்டில் செய்தது. அந்தப் பெயருக்குப் பறக்கும் மீன் என்று பொருள். நாகப்பட்டினம் பக்கத்து மீனவர்கள் "பறவைக் கோலா" என்கிறார்களே, அந்த மீன்தான். தண்ணீரை விட்டுத் துள்ளி, அலையின் தலையை உரசுவதுபோலப் பறக்கும். இந்த ஏவுகணையும் அப்படித்தான். அலைக்குச் சில மீட்டர் உயரத்தில்தான் வரும்.

நீளம் 4.7 மீட்டர். ஒரு பெரிய மோட்டார் கார் அளவு. எடை 670 கிலோ. அதன் வெடிகுண்டுத் தலை மட்டும் 165 கிலோ. வேகம், விநாடிக்கு 300 மீட்டருக்கு மேல்!

ஏன் அவ்வளவு தாழப் பறக்கிறது? பூமி உருண்டை அல்லவா? கடற்கரையில் நின்று பாருங்கள். வெகு தூரத்தில் வரும் படகின் பாய் நுனி முதலில் தெரியும். பிறகுதான் படகு தெரியும். கப்பலின் ராடாருக்கும் அதே கதி. தாழப் பறந்து வரும் ஏவுகணை, கடலின் வளைவுக்குப் பின்னால் மறைந்தே வருகிறது. ஏறத்தாழ 20 கிலோ மீட்டர் தூரத்துக்கு வந்த பிறகுதான் தலையைக் காட்டும். அந்த 20 கிலோ மீட்டரைக் கடக்க அதற்கு ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் கூடப் போதும். வெற்றிலை மடித்து வாயில் போடுகிற நேரம்!

அதற்குள் பார்க்க வேண்டும். வருவது பறவையா, விமானமா, ஏவுகணையா என்று முடிவு செய்ய வேண்டும். ராக்கெட்டைச் சுட வேண்டும். ஜிகினா ஆகாயத்தில் விரிய வேண்டும். எல்லாம் நடந்தாக வேண்டும்.

ஏவுகணையின் கண்!

ஏவுகணையின் மூக்கிலே ஒரு சின்ன ராடார் இருக்கிறது. அதுதான் அதன் கண். கிணற்றுக்குள் தலையை நீட்டி "ஓ" என்று கூப்பிட்டால், "ஓ" என்று திரும்பி வருகிறது. இந்த ராடாரும் ஒருவகையில் கூப்பிடுகிறது. குரலுக்குப் பதில் வானொலி அலை. அந்த அலை கப்பலின் இரும்பிலே மோதித் திரும்பி வரும். எந்தத் திசையில் இருந்து வந்தது, எவ்வளவு நேரம் கழித்து வந்தது, எவ்வளவு பலமாக வந்தது என்று ஏவுகணை பார்க்கிறது. அதைக்கொண்டு, "இந்தத் திசையில், இவ்வளவு தூரத்தில், பெரிதாக ஏதோ இருக்கிறது" என்று கணக்குப் போடுகிறது.

கவனியுங்கள். "ஏதோ இருக்கிறது" என்பதுதான் அதற்குத் தெரியும். அது கப்பலின் புகைக்கூண்டைப் பார்ப்பதில்லை. கொடியைப் பார்ப்பதில்லை. நண்பனா, பகைவனா, போர்வீரனா, சமையல்காரனா என்று பார்ப்பதில்லை. எதிரொலி பெரிதாக இருந்தால் போதும், பாய்ந்துவிடும்.

இங்கேதான் மனிதனின் தந்திரம் நுழைந்தது. அலுமினியம் பூசிய மெல்லிய இழைகளை லட்சக்கணக்கில் ஆகாயத்தில் தூவினால், ஒவ்வோர் இழையும் அலையைத் திருப்பி அனுப்புகிறது. எல்லாம் சேர்ந்து ஒரு கப்பல் அளவுக்கு எதிரொலி கொடுக்கின்றன. ஏவுகணையின் கண்ணுக்கு அது கப்பல்!

இழையின் நீளத்திலேதான் சூட்சுமம் இருக்கிறது. ராடார் அலையின் நீளத்தில் ஏறத்தாழ பாதி இருந்தால், எதிரொலி மிகப் பலமாக வரும். அலை 3 சென்டிமீட்டர் என்றால் இழை ஒன்றரை சென்டிமீட்டர். பகைவனின் ராடார் எந்த அலையில் வேலை செய்கிறது என்று தெரிந்தவனுக்கே இந்த வித்தை பலிக்கும். இன்றைய இழைகள் கண்ணாடி நாரால் ஆனவை. மேலே அலுமினியப் பூச்சு. தலைமுடியைவிட மெல்லியவை. ஒரு சின்ன ராக்கெட்டுக்குள் லட்சக்கணக்கில் அடைத்துவிடலாம்.

ஆங்கிலத்தில் இதற்குப் பெயர் "சாஃப்". பதர் என்று அர்த்தம். நெல்லைத் தூற்றும்போது காற்றிலே பறந்து போகிறதே, அந்தப் பதர்தான்!

ஒரு பெண்ணின் யோசனை!

இந்தத் தந்திரம் கடலில் பிறக்கவில்லை. ஆகாயத்தில் பிறந்தது. இரண்டாம் உலகப் போரின்போது இங்கிலாந்தில் ஜோன் கர்ரன் என்ற பெண் விஞ்ஞானி இருந்தார். விமானத்தில் இருந்து எதைத் தூவினால் ஜெர்மன் ராடார் குழம்பும் என்று ஆராய்ந்தவர் அவர். கம்பியா, தாளா, எந்த அளவு என்று பலவற்றைச் சோதித்தார்கள். கடைசியில், ஒரு பக்கம் அலுமினியம் ஒட்டிய சாதாரணத் தாள் துண்டுகளே போதும் என்று தெரிந்தது.

ஒரு வேடிக்கை. ஜெர்மானியர்களும் இதைக் கண்டுபிடித்திருந்தார்கள்! நாம் வீசினால் எதிரி பார்த்துக் கற்றுக்கொள்வான், நம்மீதே திருப்பி வீசுவான் என்று இரண்டு நாடுகளும் பயந்தன. இரண்டும் ரகசியத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுச் சும்மா இருந்தன!

கடைசியில் 1943-ம் ஆண்டு ஜூலை 24-ந் தேதி இரவு, பிரிட்டிஷ் விமானங்கள் ஹாம்பர்க் நகரத்தின்மீது இந்தத் தாளைக் கொட்டின. போன விமானங்கள் 791. திரும்பாதவை 12 மட்டுமே. அதற்கு முன் இப்படிப்பட்ட தாக்குதல்களில் இதைப்போலப் பல மடங்கு விமானங்கள் விழுந்துகொண்டிருந்தன. ஜெர்மன் ராடார் திரை முழுவதும் பொய் விமானங்கள். எதைச் சுடுவது என்று பீரங்கிக்காரர்களுக்குத் தெரியவில்லை.

விமானத்தில் இருந்தவர்கள் பிழைத்தார்கள். கீழே ஹாம்பர்க் எரிந்தது. அந்த வாரம் நடந்த தாக்குதல்களில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் மடிந்தார்கள்.

படகு சிறிது, அடி பெரிது!

கடலுக்கு வருவோம். 1967-ம் ஆண்டு அக்டோபர் 21-ந் தேதி, உலகக் கடற்படைகள் எல்லாம் திடுக்கிட்டன. எகிப்தின் சயீத் துறைமுகத்துக்கு எதிரே "எய்லாத்" என்ற இஸ்ரேலிய நாசகாரிக் கப்பல் போய்க்கொண்டிருந்தது. துறைமுகத்துக்குள் இருந்தபடியே எகிப்தின் சிறு படகுகள் ஏவுகணைகளை விட்டன. ரஷ்யா செய்து கொடுத்த "ஸ்டைக்ஸ்" ஏவுகணைகள். எய்லாத் மூழ்கியது. 47 பேர் மாண்டனர். எலி கடித்து யானை விழுந்த கதை!

நம் நாட்டுக் கடற்படைக்கும் இதே ஏவுகணைகள் வந்து சேர்ந்தன. 1971-ம் ஆண்டு டிசம்பர் 4-ந் தேதி இரவு, "நிபாத்", "நிர்காத்", "வீர்" என்ற 3 ஏவுகணைப் படகுகள் கராச்சிக்கு அருகே போய்த் தாக்கின. "கைபர்" என்ற பாகிஸ்தான் நாசகாரிக் கப்பலில் இருந்தவர்கள், வானத்தில் ஒரு வெளிச்சம் தங்களை நோக்கி வருவதைப் பார்த்தார்கள். விமானம் என்று நினைத்து விமான எதிர்ப்புப் பீரங்கியால் சுட்டார்கள். அது விமானம் அல்ல. கைபர் மூழ்கியது. அந்த நாளைத்தான் ஆண்டுதோறும் டிசம்பர் 4-ல் கடற்படை தினமாக இந்தியா கொண்டாடுகிறது. அன்று இரவு "வீனஸ் சேலஞ்சர்" என்ற ஒரு சரக்குக் கப்பலும் கடலடிக்குப் போயிற்று. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

எய்லாத் மூழ்கியதை இஸ்ரேல் மறக்கவில்லை. எதிரியின் ஏவுகணை 40 கிலோ மீட்டர் தூரம் பாயும். தன் ஏவுகணையோ 20 கிலோ மீட்டர்தான் போகும். நடுவில் உள்ள 20 கிலோ மீட்டர் தூரத்தை, பதிலுக்கு அடிக்க வழி இல்லாமல், அடி வாங்கிக்கொண்டே கடந்தாக வேண்டும். எப்படிக் கடப்பது?

ஜிகினாவின் துணையோடு கடந்தார்கள். 1973-ம் ஆண்டு அக்டோபர் மாதம் சிரியா நாட்டின் லட்டாகியா துறைமுகத்துக்கு அருகே நடந்த இரவுப் போரில், இஸ்ரேலியப் படகுகள் ஜிகினா ராக்கெட்டுகளை வீசிக்கொண்டே முன்னேறின. எதிரியின் ராடாரைக் குழப்பும் கருவிகளையும் இயக்கின. ஸ்டைக்ஸ் ஏவுகணைகள் வெறும் மேகத்தைத் தாக்கிவிட்டுக் கடலில் விழுந்தன. சிரியாவின் 5 கப்பல்கள் மூழ்கின. இஸ்ரேலுக்கு ஒரு படகுகூட நஷ்டம் இல்லை. ஏவுகணைப் படகுகள் ஒன்றோடு ஒன்று மோதிய முதல் போர் அதுதான்.

இரண்டு வகை ஏமாற்று!

ஜிகினாவை எப்போது வீசுவது? இதில் இரண்டு வகை உண்டு.

ஏவுகணை இன்னும் கப்பலைக் கண்டுபிடிக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போது கப்பலைச் சுற்றித் தள்ளித் தள்ளி நாலைந்து இடங்களில் ஜிகினா மேகத்தை உண்டாக்குவார்கள். ஏவுகணை கண்ணைத் திறக்கும்போது, ஒரு கப்பலுக்குப் பதில் ஐந்தாறு கப்பல் தெரியும். முதலில் தெரிந்ததை நோக்கிப் போகும். இது ஒரு வகை.

ஏவுகணை கப்பலைப் பார்த்துவிட்டது, குறியும் வைத்துவிட்டது. அப்போது என்ன செய்வது? பல்லி என்ன செய்கிறது? பூனை பிடிக்க வந்தால் வாலைக் கழற்றிப் போடுகிறது. வால் துடிக்கிறது. பூனை வாலைப் பார்க்கிறது. பல்லி ஓடிவிடுகிறது. கப்பலும் அதையே செய்கிறது. தனக்கு மிக அருகிலேயே ஜிகினாவை விரிக்கிறது. ஒரு கணம் கப்பலும் மேகமும் ஏவுகணைக்கு ஒன்றாகவே தெரியும். கப்பல் சட்டென்று திரும்பி விலகும். மேகம் காற்றோடு மறுபக்கம் நகரும். ஏவுகணையின் பார்வை, பெரிதாகத் தெரியும் மேகத்தோடு போய்விடும்.

இதற்குக் காற்றின் திசை தெரிய வேண்டும். தப்பான பக்கம் திரும்பினால், மேகம் கப்பலின் தலைமேலேயே வந்து நிற்கும். மேகத்தைத் தேடி வரும் ஏவுகணைக்கு வழி காட்டிய மாதிரி ஆகிவிடும்! ஆகவே ராக்கெட் சுடுகிறவனும், சுக்கான் பிடிக்கிறவனும், காற்றைப் பார்க்கிறவனும் ஒரே கையின் விரல்கள் மாதிரி வேலை செய்ய வேண்டும்.

கப்பலின் சூட்டைத் தேடி வரும் ஏவுகணைகளும் உண்டு. அவற்றுக்கு ஜிகினா பலிக்காது. கொதிக்கக் கொதிக்க எரியும் தீப்பந்தங்களை வீச வேண்டும்.

சுடாத ராக்கெட்!

பாக்லாந்து போருக்குத் திரும்புவோம். 1982 மே 4-ந் தேதியே எக்சோசெட் தன் முதல் பலியை வாங்கிவிட்டது.

அன்று "கிளாஸ்கோ", "ஷெப்பீல்டு" என்ற 2 பிரிட்டிஷ் நாசகாரிக் கப்பல்கள் காவலுக்கு நின்றன. கிளாஸ்கோவில் இருந்தவர்கள் பகை விமானத்தின் ராடார் அலையை அடையாளம் கண்டுகொண்டார்கள். உடனே ஜிகினா ராக்கெட்டைச் சுட்டார்கள். மற்றக் கப்பல்களுக்கும் எச்சரிக்கை அனுப்பினார்கள்.

ஷெப்பீல்டு அந்தச் சமயத்தில் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தது. அதனால் பகைவனின் ராடார் அலையைக் கண்டுபிடிக்கும் அதன் கருவி சரியாக வேலை செய்யவில்லை. ஷெப்பீல்டிலும் ஜிகினா ராக்கெட்டுகள் இருந்தன. ஒன்றுகூடச் சுடப்படவில்லை! ஏவுகணை கப்பலின் நடுவிலே பாய்ந்தது. தீயணைக்கும் தண்ணீர்க் குழாய் உடைந்தது. கப்பல் எரிந்தது. 20 பேர் மாண்டனர். 6 நாள் கழித்து, இழுத்துக்கொண்டு போகும்போது கப்பல் மூழ்கியது.

ஒரே கடல். ஒரே நேரம். ஒரு கப்பல் ஜிகினா வீசியது, பிழைத்தது. இன்னொரு கப்பல் வீசவில்லை. இந்தப் பாடத்தை பிரிட்டிஷ் கடற்படை 3 வாரத்தில் நன்றாகவே படித்துக்கொண்டது. மே 25-ந் தேதி அம்பஸ்கேட்டும் மற்றப் போர்க்கப்பல்களும் தயங்கவே இல்லை.

அப்படியானால் அட்லாண்டிக் கன்வேயர்?

வியாபாரக் கப்பல் போருக்கு வந்த கதை!

அட்லாண்டிக் கன்வேயர் 1969-ல் இங்கிலாந்தின் டைன் ஆற்றங்கரையில் கட்டப்பட்டது. நீளம் 200 மீட்டருக்கு மேல். பெட்டி பெட்டியாகச் சரக்கு ஏற்றிக்கொண்டு அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் போய் வந்த வியாபாரக் கப்பல். போர் வந்ததும் அரசாங்கம் அதைக் கேட்டு வாங்கியது. விமானங்கள் இறங்க மேல் தளத்தில் இடம் ஒதுக்கினார்கள்.

காப்டன் பெயர் இயன் நார்த். நரைத்த தாடி வைத்த பழைய கடலோடி. அவரோடு வியாபாரக் கப்பல் மாலுமிகளும், கடற்படையினரும் இருந்தார்கள்.

ஏவுகணையைத் தடுக்கும் கருவி எதையும் அந்தக் கப்பலில் பொருத்தவில்லை. எதிரி ஏவுகணையைச் சுட்டு வீழ்த்தும் கருவியும் இல்லை. ஜிகினாக் குழாயும் இல்லை. வியாபாரக் கப்பலுக்கு ஆயுதம் பூட்டுவது சட்டப்படி சரியா என்ற கேள்வி அப்போது எழுந்திருந்தது. கேள்வி முடிவதற்குள் கப்பல் புறப்பட்டுப் போயிற்று. சட்டம் படித்தவர்களுக்கு ஆயிரம் யோசனை இருக்கலாம். ஏவுகணை சட்டம் படிக்கவில்லையே!

போர்க்கப்பல்கள் தங்களைச் சுற்றி ஜிகினாக் குடை விரித்தன. குடையில் விழுந்த மழை வழிந்து எங்கே போகும்? பக்கத்தில் குடை இல்லாமல் நிற்பவன் தலையில் கொட்டும். அன்று நடந்தது அதுதான். ஜிகினா மேகத்தைத் தாண்டி வந்த ஏவுகணைகள் மறுபடி கண்ணை ஓட்டின. எதிரே 200 மீட்டர் நீளத்தில் ஓர் இரும்பு மலை. அதன் எதிரொலிக்கு முன் வேறு எது நிற்கும்?

கப்பலின் இடப்பக்கப் பின்புறத்தில் அவை பாய்ந்தன. உள்ளே எண்ணெயும் வெடிப்பொருளும் இருந்தன. தீ மளமளவென்று பரவியது. புகை எழுந்தது. சிறிது நேரத்தில், கப்பலை விட்டு இறங்க வேண்டியதுதான், வேறு வழி இல்லை என்று ஆயிற்று.

"அலாக்ரிட்டி" என்ற காவல் கப்பல், எரியும் கப்பலுக்கு மிக அருகே வந்து நின்றது. எந்த நேரமும் வெடிக்கலாம் என்று தெரிந்தே வந்தது! மாலுமிகள் கயிற்றிலும் ஏணியிலும் இறங்கி, உறைய வைக்கும் தண்ணீரில் குதித்து, மிதவைப் படகுகளில் ஏறினார்கள். கடைசியாக இறங்கியவர்கள் இருவர். ஒருவர் காப்டன் நார்த். மற்றவர் கடற்படை அதிகாரி மைக்கேல் லேயார்டு. தண்ணீரில் தத்தளித்த நார்த்தை லேயார்டு தாங்கிப் பிடித்துப் படகுப் பக்கம் கொண்டுவரப் பார்த்தார். முடியவில்லை. காப்டன் நார்த் கடலிலேயே மறைந்தார். அவரோடு சேர்த்து மாண்டவர்கள் 12 பேர்.

நடந்தே போன பட்டாளம்!

அந்த 12 பேரோடு சேதம் நிற்கவில்லை. கப்பலில் ஹெலிகாப்டர்கள் இருந்தன. பட்டாளத்தை அலுங்காமல் தூக்கிக்கொண்டு போகும் "சினூக்" என்ற பெரிய ஹெலிகாப்டர்கள் 3, "வெசெக்ஸ்" ஹெலிகாப்டர்கள் 6 எல்லாம் சாம்பலாயின. ஆயிரக்கணக்கான வீரர்களுக்கு வேண்டிய கூடாரங்களும் போயின. அதிர்ஷ்டவசமாக, கப்பல் சுமந்து வந்த "ஹாரியர்" போர் விமானங்கள் சில நாள் முன்னதாகவே பறந்து போய்விட்டன. ஒரே ஒரு சினூக் அந்த நேரம் ஆகாயத்தில் இருந்தது. அது தப்பியது. அதன் உதிரிப் பாகமும் பழுது பார்க்கும் கருவிகளும் கப்பலோடு போய்விட்டன. அப்படியும் போர் முடியும்வரை அது பறந்தது!

ஹெலிகாப்டரில் போக வேண்டிய வீரர்கள் என்ன செய்தார்கள்? நடந்தார்கள்! கரை இறங்கிய சான் கார்லோசில் இருந்து தலைநகர் ஸ்டான்லி வரை, ஏறத்தாழ 80 கிலோ மீட்டர். சேறும் சதுப்பும் குளிரும். முதுகிலே 30 கிலோவுக்கு மேல் சுமை. இரண்டு படைப் பிரிவுகள் தீவைக் கால்நடையாகவே கடந்தன. கடலிலே ஜிகினா மேகத்தைத் தாண்டிய ஏவுகணை, தரையிலே இத்தனை பேர் காலைத் தேய வைத்தது.

நண்பனையும் ஏமாற்றும்!

போர் முடிந்த பிறகு எல்லா நாட்டுக் கடற்படைகளும் இந்தத் தந்திரத்தை இன்னும் கூர் தீட்டின. ஆனால் ஜிகினாவுக்கு ஒரு குணம் உண்டு. அதற்கு நண்பன், பகைவன் என்ற பேதம் தெரியாது.

1991-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் பாரசீக வளைகுடாவில் இது நடந்தது. "மிசௌரி" என்ற அமெரிக்கப் பெரும் போர்க்கப்பலை நோக்கி ஈராக் ஏவுகணை வந்தது. பக்கத்தில் இருந்த "கிளவ்ஸ்டர்" என்ற பிரிட்டிஷ் கப்பல் அதை ஆகாயத்திலேயே அடித்து வீழ்த்தியது. இதற்கிடையில் மிசௌரி ஜிகினா வீசியிருந்தது. "ஜாரட்" என்ற இன்னோர் அமெரிக்கக் கப்பலில், ஏவுகணையைத் தானே பார்த்துத் தானே சுடும் யந்திரத் துப்பாக்கி இருந்தது. அது ஜிகினா மேகத்தையே ஏவுகணை என்று நினைத்துச் சுட ஆரம்பித்தது! 4 குண்டுகள் மிசௌரியின் மேலே போய்ப் பட்டன. ஏவுகணைக்குத் தப்பிய கப்பலுக்குச் சொந்தக்காரன் கையால் அடி!

ஏவுகணைகளுக்கும் புத்தி வளர்ந்தது. ஜிகினா மேகம் காற்றோடு மிதக்கும். கப்பலைப்போல நேராக ஓடாது. இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கும் ஏவுகணைகள் வந்துவிட்டன. ஆகவே பொய்க்கப்பலும் மாற வேண்டி வந்தது.

ஆஸ்திரேலியாவும் அமெரிக்காவும் சேர்ந்து "நல்கா" என்ற ஒன்றைச் செய்தன. "சீக்கிரம்" என்று பொருள்படும் ஆஸ்திரேலியப் பழங்குடிச் சொல் அது. இது ஜிகினா தூவுவதில்லை. ராக்கெட் பலத்தால் ஆகாயத்தில் நின்றபடியே, கப்பலின் எதிரொலியைப்போல ஓர் எதிரொலியைத் தானே எழுப்பிக்கொண்டு, மெல்ல மெல்லக் கப்பலை விட்டு விலகிப் போகும். ஏவுகணை அதன் பின்னால் போகும். நம் ஊர்ப் பாட்டிகள் சொல்லும் மாயமான் கதையேதான்! 2016-ம் ஆண்டு அக்டோபர் மாதம், ஏமன் நாட்டுக் கரையோரம் "மேசன்" என்ற அமெரிக்க நாசகாரிக் கப்பலை நோக்கி ஏவுகணைகள் வந்தன. மேசன் எதிர் ஏவுகணைகளை விட்டது. நல்காவையும் விட்டது. கப்பலுக்கு ஒரு கீறலும் இல்லை.

தண்ணீரில் மிதக்கும் பொய்க்கப்பல்களும் உண்டு. காற்று ஊதிப் பெரிதாக்கிய பைக்குள், ஒன்றுக்கொன்று செங்குத்தாக நிற்கும் உலோகப் பரப்புகள் இருக்கும். எந்தப் பக்கம் இருந்து அலை வந்தாலும், வந்த வழியே திருப்பி அனுப்பும். சின்னப் பை, ராடாரில் பெரிய கப்பல்!

இந்தியாவில் ஜிகினா ராக்கெட் தயாராகும் வித்தையைக் கண்டுபிடித்த இடம் எது தெரியுமா? கடலே எட்டிப் பார்க்காத பாலைவனம்! ராஜஸ்தானில் ஜோத்பூரில் உள்ள பாதுகாப்பு ஆராய்ச்சிக்கூடம், கிட்டத்தில் ஒன்று, நடுத்தூரத்தில் ஒன்று, தொலைவில் ஒன்று என்று 3 வகை ஜிகினா ராக்கெட்டுகளை உருவாக்கியது. இந்தியப் போர்க்கப்பல்களில் இருந்து அரபிக் கடலில் வெற்றிகரமாகச் சோதித்துப் பார்த்த செய்தி 2021-ம் ஆண்டு ஏப்ரலில் வெளியாயிற்று. 2024-ம் ஆண்டு ஜூன் மாதம் இன்னொரு வகையையும் கடற்படையிடம் ஒப்படைத்தார்கள். அது ராடாருக்கு முன்னால் ஒரு திரைபோல நின்று மறைப்பது.

போர்க்கப்பல்களுக்குக் குடை மேல் குடை வந்துவிட்டது. சரக்குக் கப்பல்களுக்கு?

2023-ம் ஆண்டின் கடைசியில் இருந்து செங்கடலிலும் ஏடன் வளைகுடாவிலும் ஏமனின் ஹூதிப் படையினர் வியாபாரக் கப்பல்கள்மீது ஏவுகணைகளை விட்டார்கள். அந்த வழியாகப் போன சரக்குக் கப்பல்களில் நம் நாட்டு மாலுமிகளும் இருந்தார்கள். 2024 மார்ச் 6-ந் தேதி "ட்ரூ கான்பிடன்ஸ்" என்ற சரக்குக் கப்பலை ஏவுகணை தாக்கியது. கப்பலில் தீப்பிடித்தது. பிலிப்பைன்ஸ் நாட்டு மாலுமிகள் 2 பேரும், வியட்நாம் நாட்டு மாலுமி ஒருவரும் மாண்டனர். மற்றவர்கள் கப்பலை விட்டு இறங்கினார்கள். "ஐ.என்.எஸ். கொல்கத்தா" என்ற இந்தியப் போர்க்கப்பல் அங்கே விரைந்து போய், ஹெலிகாப்டரையும் படகுகளையும் அனுப்பி 21 பேரை மீட்டது. காயம் பட்டவர்களுக்குக் கப்பல் டாக்டர் சிகிச்சை செய்தார். மீட்கப்பட்டவர்களில் ஒருவர் இந்தியர்.